மாடி வீட்டு ஈபி அட்டை

எங்கள் மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களை இப்போதெல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வரச் சொல்கிறேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறச் சொல்கிறேன். துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு இதில் கோபம். "வாரவனை வெரட்டவா கூப்புடுற?" என்பார். விரட்டினால் விரட்டினதாகவே இருக்கட்டும்.

எல்லாம் அந்த டீச்சர் வந்த பிறகுதான். அவள் வந்தது மாசி மாதம், நல்ல காற்றுக் காலம். வயிற்றில் ஏழு மாதம். மூச்சு வாங்க ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "அக்கா, மாடிக்குத் தனி மீட்டர்தானே? அந்த ஈபி அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, கரண்டு திருடுறோம்னு நெனச்சியா?"

"அய்யோ, அதில்லக்கா. இப்ப இருக்குற வீடு அடுப்பாட்டம் இருக்கு. கோடையில எத்தன யூனிட் ஓடிருக்குன்னு பாத்தா வீட்டோட சூடு தெரிஞ்சிரும்ல? பிள்ளை சித்திரையில பொறக்கும். அதான்."

பெண்ணுக்கு ஜாதகம் பார்ப்பார்கள். வீட்டுக்குமா? முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அவள் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். மற்ற மாதங்களைவிடக் கோடையில்தான் யூனிட் குறைவு.

"கோடையில கொறைஞ்சிருக்கேக்கா!"

"கடக்காத்தும்மா, கடலு பக்கத்துலதான. சன்னலத் தொறந்தாப் போதும்" என்றேன். பெருமைதான், வேறென்ன. அவள் வீட்டைப் பேசி முடித்து, ஏசி வாங்க வைத்திருந்த காசைப் பிரசவத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் போனில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். "வெளிநாட்டுல சில ஊர்ல வீட்ட விக்கவோ வாடகைக்கு விடவோ, அது எம்புட்டுக் கரண்டு திங்கும்னு சர்ட்டிபிகேட் காட்டணுமாம். ஃப்ரிட்ஜுல ஸ்டார் ஒட்டுறாப்புல. நம்ம வீட்டுக்கு அஞ்சு ஸ்டார்னு சொல்லு!" மாடி அவர் ஆசைப்பட்டுக் கட்டியது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி.

டீச்சருக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள். பெண் குழந்தை. அம்மா இல்லாத பெண் என்பதால் அபிராமத்திலிருந்து மாமியார் வந்து பார்த்துக்கொண்டார். தையல் காயம், படி இறங்கக் கூடாது. இருபது நாள் கழிந்து ஒரு மத்தியானம், பால் ஊறட்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

உள்ளே கால் வைத்ததும் தரை சுட்டது. மின்விசிறி அனலை வாரி இறைத்தது. கண்ணாடி முழுக்க ஈரச் சேலை. பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குரு, அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கத்தில் புதுப் பால்பவுடர் டப்பா.

புட்டைப் பார்த்ததும் மாமியார் கையை நீட்டித் தடுத்தார். "வேணாம்மா. இவ ஒடம்புச் சூடுதான் பால்ல எறங்கிப் பிள்ளையை இந்தப் பாடு படுத்துது. நாளையிலருந்து டப்பாப் பால்தான்."

டீச்சர் தலை நிமிரவில்லை. "வீட்டுச் சூடா இருக்குமோன்னு கேட்டேன்க்கா. 'நீதான அட்டையப் பாத்து எடுத்த, வீட்டுல ஒண்ணுமில்ல, ஒன்கிட்டதான் கோளாறு'ன்னுட்டாங்க. நெசந்தானேக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு குடியிருந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். கோடை வந்தால் காலை பத்து மணிக்கே சோற்றுப்பானையும் பிள்ளைகளுமாகக் கீழே எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். ராத்திரி மொட்டைமாடியில் பாய். எங்கள் தெருவில் எல்லா மாடி வீட்டுக்காரர்களும் அப்படித்தான். அது பழக்கம், யாரும் அதைக் கணக்கிலேயே வைப்பதில்லை. மேலே விசிறி சுற்றினால்தானே யூனிட் ஓடும்?

அல்லாவே, என்ன காரியம் செய்தேன்!

"அம்மா, கோளாறு வீட்டுலதான். கோடையில இங்கன ஒரு மனுசரும் இருந்ததில்ல. அந்த அட்டைய நம்பாதீக" என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மாமியார் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். அவர் மருமகளைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். எங்கள் பின்கட்டு அறையில், வேப்பமர நிழல் விழும் பக்கமாகப் பாயைப் போட்டேன். கோடை முடியும் வரை அவர்கள் கீழே, நான் மேலே என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் முகச் சிவப்பு வடிந்தது. அன்றைக்கு முதல்முறையாக வீல் என்று அழுதது, பசி அழுகை. புட்டை மட்டும் மேலே போய் எடுத்து வந்தேன், டப்பா மாடியிலேயே கிடந்தது.

டீச்சர் மாமியாரைப் பார்த்தாள். "அத்தே, அப்ப நான் பால் குடுக்கலாம்ல?"

மாமியார் பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு ஆறிப்போன புட்டை என் கையிலிருந்து வாங்கி, மருமகளுக்கு ஊட்டிவிட்டார்.