நார்மண்டிக் கவிஞரும் திண்டிவனத்துப் பங்கு வரலாறும்

விழுப்புரத்தில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். சில வருடங்களாக, பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் இடைக்காலத்தில் வாழ்ந்த கவிஞர் ஒருவரைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். செய்யச் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. தன் நாட்டுப் பிரபுக்களின் வரலாற்றை அரசருக்காகப் பாட்டாக எழுதியவர் அவர். புகழ வந்த இடத்தில், பிரபுக்களை எதிர்த்த குடியானவர்களுக்கும் இடம் கொடுத்தார். தங்கள் உடம்புக்கும் பிரபுக்கள் உடம்புக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கூடிப் பேசியதை எழுதினார். அவர்களுடைய கைகால்கள் வெட்டப்பட்டதையும் எழுதினார். கடைசியில் அரசர் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் என் மனைவியின் பிறந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில், திருநாள் கொடியேற்றத்துக்கு முன் படிக்க, கோயிலும் அதன் சபையும் வளர்ந்த கதையை, அதாவது பங்கு வரலாற்றை, பாட்டாக எழுதித் தரச் சொன்னார்கள். பிரெஞ்சு தெரிந்தவனுக்குத் தமிழ்ப் பாட்டு வராமலா போகும் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் மறுக்கவில்லை.

செய்தி சேகரிக்கப் போனபோது, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் காலனியிலிருந்து வந்தார்.

"கோயிலுக்குள்ள குறுக்குச் சொவரு இருந்திச்சி தம்பி. ஊர்க்காரங்க அந்தாண்ட, நாங்க இந்தாண்ட. ஒரு திருநாள்ல எங்கப்பா தாண்டிப் போயி முன்னால ஒக்காந்தாரு. அடிச்ச அடியில வலது கை அப்புறம் மேல வரவே இல்ல. சாவுற வரைக்கும் எடது கையாலதான் சிலுவ போட்டாரு. அடிச்சது யாருன்னு நீங்க எழுத வேணாம். எங்கப்பா பேரு வரணும்."

எழுதினேன்.

ஒத்திகையில் ஒரு விபரீதம் நடந்தது. ஒவ்வொரு செய்யுளும் ஒரு பெயரில் முடியும்படி அமைத்திருந்தேன். புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி மன்றாடிப் பழகியதால், கோயிலில் ராகத்தோடு ஒரு பெயர் காதில் விழுந்தால் எங்கள் பெண்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். நிலம் கொடுத்தவர் பெயரைப் படித்து நிறுத்தினேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது பாடகர் குழு. மணி வாங்கிக் கொடுத்த மளிகைக் கடைக்காரரும் அப்படியே புனிதரானார். திருத்தப் பார்த்தேன், பங்குப் பேரவைத் தலைவர் தடுத்துவிட்டார். நிலம் கொடுத்தவர் அவருடைய தாத்தா.

அடுத்த செய்யுளில் அக்காவின் அப்பா வந்தார்.

"இது எதுக்கு சார்?" என்றார் தலைவர். "சொவர இடிச்சி எவ்ளோ காலமாச்சி. விழா நேரத்துல பேஜாரு வேணாம்."

"இடிச்சதையும் எழுதியிருக்கேனே."

"இடிச்சத வச்சிக்கிங்க. அடிச்சத எடுத்துடுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். "எங்கப்பாவுக்காக நீங்க வேண்டிக்க வேணாம் தலைவரே. அவருதான் உங்களுக்காக வேண்டிக்கணும்னு பாட்டு. அதுல உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

தலைவர் பந்தல்காரரைத் தேடிப் போய்விட்டார்.

கொடியேற்றத்தன்று மாலை, எதையும் எடுக்காமல் படித்தேன். வீரம் என்று எண்ண வேண்டாம். நார்மண்டிக்காரருக்கு இழக்க ஓர் அரசராவது இருந்தார். எனக்கு ஒரு சால்வை.

சுவர் போய்விட்டதே தவிர உட்காரும் பழக்கம் போகவில்லை. பந்தலில் ஊர் வலப்பக்கம், காலனி இடப்பக்கம். அக்காவின் அப்பாவுடைய செய்யுள் வந்தது. பெயரைச் சொல்லி நிறுத்தினேன். இடப்பக்கத்திலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எழுந்த குரல் மற்ற பெயர்களுக்கு எழுந்ததைவிடக் கனமாக இருந்தது. வலப்பக்கத்தில் ஒன்றிரண்டு உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பழக்கத்தில் தானாக வருகிற சொல்லை அடக்க அவர்கள் சிரமப்பட்டிருக்க வேண்டும். தலைவர் கொடிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பெயருக்கு இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது.

கொடி ஏறியதும் அக்கா என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் ஒருத்தரும் சொல்லல, பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேங்கா."

"அப்ப அதையும் எழுதிடுங்க."

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன். எதுகை சரியாக விழவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.