அம்மனுக்குக் கொட்டிய உப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் மகள் கூடத்தில் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் இதயத்தின் படம் வரைந்துகொண்டிருந்தாள். பி.எட். படிக்கிறாள். மறுநாள் முதன்முறையாக ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், போதாததற்குப் பின்னால் நாற்காலி போட்டுக் குறிப்பெடுக்க ஒரு பேராசிரியர். சாக்பீஸ் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"வாயெல்லாம் காஞ்சி போவுதும்மா. ரெண்டு வரி பேசுனா நாக்கு ஒட்டிக்குது" என்றாள்.

எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அது ஏற்கெனவே திருப்பிப் போட்ட தோசை.

அந்தப் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். கோடியில் இருக்கிற வகுப்பறையும் தெரியும். சாக்பீஸ் தூள் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பழைய வாத்தியார் யாராவது நினைவுக்கு வருவார். எனக்கு வருவது மேக்கப் கேக்கின் வாசனையும், உடம்பு நிறத்தில் ஒரு நைலான் உறையும்தான். இருபத்திரண்டு வயதில் அந்த அறையில் உட்கார்ந்துதான் முதல் தடவை வேஷம் கட்டினேன். ரெக்கார்டு டான்ஸ் ஆடியிருக்கிறேன். சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. உங்களிடம் சொல்ல வருகிறது, ஏனென்றால் நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

வறுமை என்று சொல்லித் தப்பிக்கலாம். கேட்கிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம். வீட்டில் கஷ்டம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் எனக்கு ஆடப் பிடித்திருந்தது. திண்டிவனத்தில் அப்போது ஒரு மல்லாட்டை மில்லில் வேலை. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலை முதல் சொத்தைப் பருப்பு பொறுக்கவேண்டும். மூக்கு, காது, ரவிக்கைக்குள் எல்லாம் தோலின் தூசி. சாப்பாட்டு வேளையில் வாட்ச்மேனின் ரேடியோவில் பாட்டு வந்தால் போதும், முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு ஒரு ஆட்டம் போடுவேன். பெண்கள் சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என் காலையே பார்த்தாள். அவள் பெயர் பச்சையம்மா.

பச்சையம்மாவுக்கு என் வயதுதான். சித்திரையிலும் ஆடியிலும் திருவிழா சீசனில் ஆடப்போவாள், மற்ற மாதங்களில் மில்லுக்கு வருவாள். கண்டாச்சிபுரத்துக்காரி. ஆனால் மேடையில் மைக் பிடிக்கிறவர் அவளை 'சென்னை புகழ் ஸ்வீட்டி' என்பார். தாம்பரத்தைத் தாண்டி அவள் போனதே இல்லை.

"உங்காலு பேசுதுடி. இங்க குந்திக்கினு பருப்பு பொறுக்கிக்கினு இருக்கற. எங்கூட வர்றியா?" என்று கேட்டாள்.

போனேன். அம்மாவிடம் மில்லில் நைட் ஷிப்ட் என்றேன். அம்மா, அந்தப் பாவி மகராசி, ராத்திரிக்குப் பசிக்கும் என்று கேப்பை அடை தட்டித் தூக்கில் வைத்துக் கொடுத்தாள். கடைசிவரை நம்பிக்கொண்டே செத்தும் போனாள்.

விழுப்புரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒத்திகை. அங்கே நான் புலி. கண்ணாடிக்கு முன்னால் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் நாலு பேர் கை தட்டுவார்கள். எனக்கும் பெயர் வைத்தார்கள், பிங்கி. உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

ஆடி மாதத்தில் முதல் புரோகிராம். மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்திருந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கோடி அறையை எங்களுக்கு உடை மாற்ற ஒதுக்கியிருந்தார்கள். கரும்பலகையில் 'வருகை 38, வராதோர் 2' என்று எழுதியிருந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். பச்சையம்மா அந்த நைலான் உறையைக் கொடுத்தாள். அதை 'ஸ்கின்' என்பார்கள். கழுத்து முதல் கால் வரை ஒரே துணி. அதை மாட்டி அதன் மேல் பளபளா துணி கொஞ்சம் கட்டிக்கொண்டால், தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு வெற்று உடம்பு மாதிரி தெரியும். அது கோதுமை நிறம், நான் கறுப்பு. ஆகவே கையிலும் முகத்திலும் கேக்கைக் குழைத்துப் பூசவேண்டும். என் இரண்டு கைக்கும் பச்சையம்மாதான் பூசிவிட்டாள். விரலிடுக்கு விடாமல், நகத்தின் ஓரம் விடாமல், மெதுவாகப் பூசினாள்.

ஸ்கின் மாட்டினால் ஒரு தொல்லை உண்டு. ஆட்டம் முடிகிற வரை ஒதுங்கப் போக முடியாது. கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகும். அதனால் மத்தியானத்துக்குப் பிறகு யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. எனக்கோ பயத்தில் தொடை நடுங்குகிறது, வாய் காய்ந்து உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. சிரித்துக்கொண்டே ஆடவேண்டும், சிரிக்க வாய் திறந்தால் அழுகிற மாதிரி இருக்கிறது. "எனக்கு வேணாம், நான் ஊட்டுக்குப் போறேன்" என்று சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளை சொல்கிற மாதிரிதான் சொன்னேன், பெஞ்சின் ராசி.

பச்சையம்மா ஒரு புடவையை மேலே சுற்றிக்கொண்டு வெளியே போனாள். விளக்கு வைக்கிற நேரம். திரும்பி வந்து மூடிய கையைத் திறந்தாள். கல்லுப்பு. நடுவில் இரண்டு மூன்று மிளகு.

எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் கட்டி, மரு, கொப்புளம் என்று வந்தால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் கொட்டுவார்கள். உப்பு கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று நம்பிக்கை. கொட்டியதை யாரும் திரும்பத் தொடமாட்டார்கள். தொட்டால் கொட்டியவருடைய நோய் தொட்டவருக்கு வரும் என்பார்கள்.

"ஆத்தாவுக்குக் கொட்டுனதாச்சேடி" என்றேன்.

"ஊரே கொட்டுது. அத்தினி உப்ப வச்சிக்கினு அவ இன்னா ஊறுகாயா போடப்போறா? நாக்குக்கு அடியில வச்சிக்க. கடிக்காத, முழுங்காத. மொத பாட்டு முடியற வரைக்கும் எவன் மூஞ்சியும் பாக்காத. ஸ்பீக்கர் கட்டியிருக்குது பாரு புளியமரம், அதப் பாரு."

வைத்துக்கொண்டேன். எச்சில் ஊறியது. ஆச்சரியம், தொடை நடுக்கமும் கொஞ்சம் அடங்கியது. மிச்ச உப்பைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு விழாக் குழுக்காரர் ஒருவர் வந்தார். பின்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். பிள்ளையின் கழுத்தெல்லாம் கட்டி. அந்தப் பெண் சத்தம் போடவில்லை, அழுதாள். "எம்புள்ளைக்கு வேண்டிக்கினு இப்பதாங்க கொட்டிட்டு சுத்தி வந்தேன். அதுக்குள்ள இந்த ரூமுலருந்து வந்து யாரோ அள்ளிட்டாங்க. இனிமே எப்பிடிங்க ஆறும்" என்றாள்.

"எவ கை வச்சது?" என்றார் அவர். நாங்கள் நான்கு பேர். "சொல்லலன்னா ஒருத்தியும் மேடை ஏற வேணாம். அப்பிடியே வண்டியக் கட்டுங்க."

நடுங்கிக்கொண்டிருந்தது நான்தான் போலிருக்கிறது. என் முன்னால் வந்து நின்றார். "நீயா?"

என் வாயில் உப்பு இருக்கிறது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். கையைத் தூக்கிப் பச்சையம்மாவைக் காட்டினேன். அவள் பூசிவிட்ட கை, இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். "நாந்தாங்க. நான் ஒருத்திதான்" என்றாள்.

கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பொரிகடலைக் கடையில் நின்றவர்கள், ராட்டினத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்மனுக்கு எதிரில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்து குழுக்காரர் காலில் விழுந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே அந்தப் பெண்ணிடம் போய் அவள் காலிலும் விழுந்தாள். புடவை விலகி ஸ்கின் தெரிந்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். நான் உப்பைத் துப்பியிருக்கலாம். வெளியே ஓடி, நானும்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் எச்சிலை முழுங்கிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தவளின் நெற்றியில் மேக்கப்போடு மணல் ஒட்டியிருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மணலைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்த இடத்தில் மறுபடியும் பூசிக்கொண்டாள். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் இருக்குதா வாயில? கரைய விடு. ஜல்தியா எழுந்திரு, மொத பாட்டு உன்னுது."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் இது என் தொண்டையில் நின்றிருக்காது.

மேடையில் பிங்கி நன்றாக ஆடினாள். புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். பயம் துளியும் இல்லை. கூட்டம் திரும்பவும் ஆடச் சொல்லிக் கேட்டது, ஆடினேன். ஆடும்போது சந்தோஷமாகவே இருந்தது. எனக்கு வெட்கம் ஆடியதில் இல்லை, அந்தச் சந்தோஷத்தில்தான் இருக்கிறது. வேனில் திரும்பும்போது பச்சையம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மன்னிச்சிடுடி என்று சொல்ல வாய் வரவில்லை. தூங்குகிறவளை எழுப்பவேண்டாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்படி மூன்று ஆடி போயின. ஒவ்வொரு ஊரிலும் என் கைக்கு அவள்தான் பூசிவிட்டாள். அப்புறம் எனக்கு வரன் வந்தது. மில்லுக்கும் போகவில்லை, ஒத்திகைக்கும் போகவில்லை. அவளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வந்து நின்று, யாராவது அவளை அடையாளம் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். அந்தப் பயத்துக்கு உப்பு தேவைப்படவில்லை, ஓடி ஒளிந்தால் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மகள் கிளம்பும்போது, ஒரு கல்லுப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். "நாக்குக்கு அடியில வச்சிக்க. கடிக்காத, முழுங்காத. வாசல்ல மரம் இருந்தா மொதல்ல அதப் பாரு." வாய் தானாகச் சொல்லியது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சூப்பரா வேலை செஞ்சிதும்மா. எச்சி அப்பிடி ஊறுது. மரந்தான் இல்ல, வாசல்ல எல்லாம் சிமெண்ட் போட்டுட்டாங்க" என்றாள். கோடியில் இருந்த பழைய அறையையும் இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்களாம். நான் தலையாட்டினேன். மல்லாட்டை மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. மரக்காணம் உப்பை மூட்டையோடு சைக்கிளில் வைத்துப் படியால் அளந்து விற்றவர் வருவதில்லை, கல்லுப்பும் பாக்கெட்டில்தான் வருகிறது. அந்த டான்ஸ் பார்ட்டிகளும் கோர்ட்டு, போலீஸ், அனுமதி என்று அலைந்து ஒவ்வொன்றாகக் கலைந்துபோய்விட்டன.

"யாரும்மா உனக்கு இத சொல்லிக்குடுத்தது?"

"மில்லுல எங்கூட வேலை செஞ்சவ ஒருத்தி."

"அவங்க பேரு இன்னா?"

ஒரே ஒரு பெயர்தான் கேட்டாள். சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. மில்லில் ஆயிரம் பேர் வேலை செய்திருப்பார்கள். ஆனால் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், கடைசியில் அந்தக் கோடி அறைக்கு வந்து நிற்கும் என்று தோன்றிவிட்டது.

"ஞாபகம் இல்ல" என்றேன்.