குளத்துக்கு நடுவே ஒரு பாறை, கரையில் மதினி

பாறை வளரவில்லை, சுற்றியிருந்த மண்தான் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது ஒரு சாரல் நாள் மத்தியானம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் எங்கள் ஊர்க் குளத்து நடுவில் ஒரு பாறை உண்டு. வருஷா வருஷம் அது வளருது என்பார்கள் ஊரில். குளம் பெருகினால் அது தீவு. கரையை ஒட்டிய பொத்தையில், அந்தச் சின்னக் கல்குன்றில், ஏறிவிட்டால் தீவு முழுசாகத் தெரியும்; பின்னால் குற்றாலத்து மலை, பாதிக்கு மேல் மேகம்.

மதினி, அதாவது அண்ணன் மனைவி, மடியில் சொளகை வைத்து உள்ளி, சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தாள். இலத்தூர்க்காரி. வீட்டு வேலையைப் பொத்தைக்கே தூக்கி வந்துவிடுவாள். நான் அப்போது கல்லூரியில் ஜியாலஜி முதலாண்டு. படித்ததை அன்றன்றே யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"மெத்துனதெல்லாம் மழையில கரைஞ்சு ஓடிருச்சு மதினி. கெட்டிக்கல்லு மட்டும் மிச்சம்."

"அப்போ அது பாட்டுக்கு சும்மா நின்னிருக்கு. நாமதான் வளந்துச்சுன்னு சொல்லுதோம்" என்றாள்.

அதன்பிறகு லீவு நாளெல்லாம் நான் அவளோடு பொத்தையில்தான். விரிசலில் தண்ணீர் இறங்கி, மூலை தேய்ந்து, பாறை உருண்டையாகிப் படலம் படலமாகக் கழலும் என்று நான் சொன்னால், கையிலிருந்த உள்ளியைக் காட்டி, "ஏட்டி, இப்படியா?" என்பாள். பழைய நீர்மட்டங்கள் விட்டுப்போன கறுப்புக் கோடுகளை என் நோட்டில் அவளே வரைந்தாள். தீவின் உச்சியில் ஒரு வெள்ளைப் பட்டை. அது குவார்ட்ஸ், வெள்ளைக்கல், என்று நான் சாதித்தேன். "ஏட்டி போ, அது நீர்க்காக்கா பீ. காலேஜ்ல அதுக்கும் ஒரு பேரு வச்சிருக்காவளோ?"

அண்ணனுக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் எங்கள் முன்னறையில் கூடினார்கள். வீட்டுக்குச் சின்னவள் பொய் சொல்லமாட்டாள் என்று என்னைக் கூப்பிட்டார் பெரியப்பா.

"மத்தியானம் இவ வீட்ல இருப்பாளா?"

விடை தெரிந்த கேள்வி என்றால் முந்திக்கொள்வது என் புத்தி. "இல்ல பெரியப்பா, மத்தியானம்னா பொத்தையிலதான்!"

"கேட்டியளா அண்ணாச்சி" என்றது எங்கள் பக்கத்து ஒரு குரல், தனியாக அங்கே யாரைப் பார்க்கப் போகிறாள் என்கிற மாதிரி. 'நானும் கூடப் போவேன்' என்பது நாக்கு நுனியில் இருந்தது. அம்மா கண்ணால் அடக்கினாள். விழுங்கிவிட்டேன். மதினி என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். நான் கூட இருந்ததை அவளே சொல்லியிருக்கலாம். சொன்னால், நானும் ஊர் சுற்றுகிறேன் என்று என் படிப்பை நிறுத்திவிடுவார்கள்; அது அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அவள் அப்பா காரில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டார். திரும்ப அனுப்பச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இப்போது முதுநிலை படிக்கிறேன். இந்தக் கோடையில் குளம் வற்றி, போன வாரம் நடந்தே பாறைக்குப் போனேன். வெள்ளைப் பட்டையை நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பறவை எச்சம்தான். வாய்விட்டுச் சிரித்தேன். அவளுக்குச் சொல்லப் போனை எடுத்த பிறகுதான், அந்த நம்பர் எப்போதோ உபயோகத்தில் இல்லாமல் போனது நினைவு வந்தது. வெடித்த வண்டலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இலத்தூர் போகப்போகிறேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுட்டி போவ?" என்று அம்மா கேட்கிறாள். இலத்தூரில் வாசலோடு திருப்பி அனுப்பினாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால் பஸ் ஏறுமுன் முதலில் பெரியப்பா வீடு; ஞாயிறு காலையில் எங்கள் பெரியவர்கள் கூடுவது அங்கேதான். அன்று பாதியில் விழுங்கியதை, அதே ஆட்கள் காதுபட, அங்கேதான் சொல்லி முடிக்க வேண்டும்.