ரொக்கிக்குப் பழக்கிய மரியாதை

மாரியாயியைக் கடிக்க என் நாயைப் பழக்கியது நான்தான்.

கவனக்குறைவு அல்ல. கை தவறியும் அல்ல. மூன்று வாரம், ஒவ்வொரு நாள் காலையும், ஒரே வளைவில், இதே வலக் கையால்... வேண்டுமென்றே!

முகம் சுளிக்கிறீர்களா? நன்றாகச் சுளியுங்கள். உங்கள் இரக்கத்தை அவளுக்கும் நாய்க்கும் பங்கு வையுங்கள். எனக்கு அதில் ஒரு துளியும் வேண்டாம். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். அதே கூரையின் கீழ், அடுத்த காம்பராவில் பிறந்தவள் மாரியாயி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் கொழுந்து பறிக்கப் போனாள். நான் படித்து ஆசிரியரானேன். லயத்துக்குக் கீழே தோட்டப் பாதையோரம் வீடு கட்டினேன். கவிதையும் எழுதுகிறேன். கொழுந்து பறிக்கும் விரல்களைப் பற்றிய என் வரிகளைப் பூண்டுலோயாவில் ஒரு மேடையில் வாசித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விரல்கள்! எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தேன் அவற்றைப் பற்றி!

ரொக்கியைக் கொண்டுவந்து விட்டவள் கொழும்பில் இருக்கும் என் மகள். எட்டு மாதக் குட்டி. தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும். கண்ணில் பட்ட எல்லாவற்றின் மீதும் அதற்குக் காதல். கொழுந்து லொறி, கோழி, தபால்காரர், காற்றில் ஓடும் பொலித்தீன் பை... எதைக் கண்டாலும் இரண்டு காலில் எழுந்து கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும். அதன் பின்னால் நான் தடுமாறி ஓடுவேன்.

தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்துப் பழக்கத் தொடங்கினேன். கயிறு இறுகினால் நில். மரம் போல நில். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்தால், ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்து நட. வேறொன்றுமில்லை. வாசலிலிருந்து மலைத் தண்ணீர் கொட்டும் பீலி வரை ஐம்பது அடி தூரம். முதல் நாள் அதைக் கடக்க அரை மணி நேரம். பத்தாம் நாள் ரொக்கி என் முழங்காலோடு ஒட்டி நடந்தது. என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு!

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை?

பீலியைத் தாண்டி ஒரு வளைவு. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, அன்றைய வேலை பிரித்து வாங்கிக்கொண்டு, பெண்கள் அந்த வழியாகத்தான் மலைக்குப் போவார்கள். முன்னால் மாரியாயி. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு, வாயில் வெற்றிலை. என்னையும் நாயையும் கண்டதும் நின்றாள்.

"அடியே, தொர வாறாருடி! எல்லாம் கான்ல எறங்குங்க!"

பன்னிரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே பாதையோரத்துக் கானில் இறங்கி வரிசையாக நின்றார்கள். தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அது. முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை நாயோடு வந்தால் எங்கள் சனம் அப்படித்தான் இறங்கி நிற்க வேண்டும். அதுதான் மரியாதை.

"சலாங்க தொர!" என்றாள் மாரியாயி, இல்லாத தலைப்பாகையைக் கழற்றி. "தொர நாய இழுத்துக்கிட்டு வாறாரா, நாயி தொரய இழுத்துக்கிட்டு வருதா?"

"நம்ம வெரலப் பத்திப் பாட்டுக் கட்டுன தொரடி இவரு," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"அப்பிடியா? அப்ப ஒரு நாளைக்கி வந்து கொழுந்த எடுக்கச் சொல்லு, வெரலு பாட்டுப் பாடுதானு பாப்போம்!"

வேடிக்கைதான். எனக்கும் தெரியும். நானும் பல்லைக் காட்டினேன். அதற்குள் மாரியாயி பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி எடுத்து நீட்ட, என் பத்து நாள் பாடத்தையும் உதறிவிட்டு ரொக்கி அவள் மேல் பாய்ந்து ஏறியது. நக்கியது. வாலோடு உடம்பே ஆடியது. பிறகு அவள், "உக்காரு ராசா," என்றாள். உட்கார்ந்தது! எனக்குப் பத்து நாளிலும் ஆகாத காரியம் அது.

அடுத்த நாளும் அதேதான். கான், சலாம், ரொட்டி, சிரிப்பு. அதற்கடுத்த நாளும்.

ஒரு மனிதன் எதற்கெல்லாம் புண்படுவான் என்று நினைக்கிறீர்கள்? பெரிய துரோகங்களுக்கா? இல்லை... நான் ஒரு துண்டு ரொட்டிக்குப் புண்பட்டேன்! என் அம்மாவும் அந்தக் கானில் இறங்கி நின்றவள் என்பதை அந்தச் சிரிப்பு எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்வதாக எனக்குப் பட்டது. அவள் அப்படிச் சொல்லவேயில்லை. அப்படிக் காதில் வாங்கிக்கொண்டவன் நான்.

தலவாக்கலையில் ஒரு கடையில், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலிப் பட்டி ஒன்று வாங்கினேன்.

இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. கேளுங்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்வேன். அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் சிரிப்பு வரும். அவர்கள் கண்ணில் படுமுன்னே, சிரிப்பு காதில் விழுந்த அந்தக் கணத்தில், ரொக்கியின் வால் ஆடத் தொடங்கும்போதே... சங்கிலியை வெடுக்கென்று இழுப்பேன். ஒரு முறை, இரண்டு முறை. குட்டி கீச்சென்று கத்தும்; சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது. அவர்கள் வளைவு திரும்பும்போது சங்கிலி தளர்ந்திருக்கும். நான் புன்னகையோடு நின்றிருப்பேன்.

மூன்று வாரம்!

முதலில் வால் நின்றது. பிறகு காது பின்னால் படிந்தது. பிறகு சிரிப்பு கேட்டாலே தொண்டைக்குள் ஓர் உறுமல். ஒரு நாள் என் மனைவி அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க முடியெல்லாம் கொட்டிப் போயிருக்கு?"

"புதுப் பட்டி. பழகிடும்."

பழகிவிட்டது. ஆமாம், நன்றாகவே பழகிவிட்டது.

கடிக்கும் என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. உறுமினால் போதும், அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள், என் நாய் என் நாயாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா? அல்லது நினைத்ததாக இப்போது உங்களிடம் சொல்லிக்கொள்கிறேனா...

மழை தூறிய ஒரு காலை. மாரியாயி மற்றவர்களை விட்டு முன்னால் வந்து குந்தினாள். ரொக்கி உறுமியது. அவளுக்கு அது விளையாட்டு.

"என்னடா ராசா, கோவமா? வா, ஒங்க தொரைக்கித் தெரியாமத் தின்னுட்டுப் போ," என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு!

அவள் வலது கை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே. கொழுந்தைக் கிள்ளும் இடம். நான் சங்கிலியை இழுத்தேன். இழுக்க இழுக்கப் பல் இன்னும் இறங்கியது. இழுவைக்கு அது கற்ற பதில் அதுதானே!

ரொட்டி சேற்றில் கிடந்தது. அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

"எத்தன தடவ சொல்றது, நாய்க்கு எதையும் குடுக்காதீங்கனு! சீண்டுனா கடிக்காம என்ன செய்யும்?"

ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. பன்னிரண்டு பெண்களுக்கும் அது தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் சொல்கிறாரே!

முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தலைத்துணியைச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே ஓடும் தேயிலையைப் பார்த்தபடி அவள் கேட்டாள்:

"அதுக்கு நான் என்னா செஞ்சேன், சேர்?"

சேர்! பாடசாலைப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடும் சொல். லயத்தில் 'டேய் தம்பி' என்று கூப்பிட்டவள் இவள். பாதையில் 'தொர' என்று கேலி செய்தவள். அன்றுதான் முதல் தடவையாகச் சேர் என்றாள்.

பதில் எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

"நாயோட கொணம்... யாருக்குத் தெரியும்," என்றேன்.

அன்று பின்னேரம் அவள் புருசன் கட்டையோடு வந்தான், ரொக்கியை அடித்துக் கொல்ல. கட்டுப் போட்ட கையோடு பின்னாலேயே வந்து தடுத்தவள் அவள்தான். "விடுங்க. வாயில்லாத சீவன். ஏதோ நம்ம நேரம்." என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சங்கிலிப் பட்டியை அன்றே பீலிக்குக் கீழே புதைத்தேன். வருந்தியா? யாராவது பார்த்துவிடக்கூடாதே என்று!

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. மாரியாயியின் பெருவிரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை. முன்னால் நடந்தவள் இப்போது கடைசியில் வருகிறாள்; அவள் கூடைதான் கடைசியாக நிறைகிறது. ரொக்கி அழகாக நடக்கிறது. கயிறு தொங்கத் தொங்க, காலோடு ஒட்டி. "என்ன மரியாதையான நாய்!" என்று பாதையில் காணும் சக ஆசிரியர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

போன வாரம் வளைவில் அவர்கள் எதிரே வந்தார்கள். நாயைக் கண்டதும் ஒவ்வொருத்தியாகக் கானில் இறங்கினார்கள். பழைய கேலிதான் திரும்பிவிட்டது என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது... சலாமுக்குக் காத்திருந்தேன்.

சலாம் வரவில்லை. ஒருத்தியும் சிரிக்கவில்லை. கடைசியில் மாரியாயி, தண்ணீருக்குள் நின்று, வலக் கையைப் படங்குக்குள் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து வழி விட்டாள். சிரிப்பு இல்லாததால் ரொக்கியும் உறுமவில்லை. பழக்கியபடி அமைதியாக உட்கார்ந்தது.

நான் கானில் இறங்கியிருக்க வேண்டும். அவர்களைப் பாதையில் போகவிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. நடுப்பாதையில் நடந்தேன். ஒன்று சொல்லவா? அந்தப் பத்துப் பன்னிரண்டு அடி தூரமும் என் முதுகு நிமிர்ந்திருந்தது... எனக்குப் பிடித்திருந்தது!

அவளிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் அந்த வளைவில் எதிரே வரமாட்டீர்கள். அவள் நாளைக் காலையும் வருவாள். நானும் நாயோடு போவேன்.