வரிசையில் நின்ற ஆராய்ச்சி

அன்று ரேஷன் கடை வாசலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தலைவர். ஒருவர் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்பவர். மூன்றாமவர் காரை விட்டு இறங்கவில்லை, வயிறு சரியில்லை. எங்கள் கல்லூரி முதல்வர். சிவில் புரொபசர். வாட்ச்மேன்; அவர் என் மனைவியின் அண்ணன்தான். கடைக்காரர். வரிசைக்குச் சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வராத பெண்களுக்கும் சேர்த்து இருபத்து நான்கு கற்கள். அப்புறம் நான்.

தொண்ணூற்றொன்றில் தண்டலம் பக்கம் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் லேப் அட்டெண்டராக இருந்தேன். தினக்கூலி. ஐந்தாவது வரை படிப்பு. சிமெண்ட் மூட்டை தூக்குவது, மணல் சலிப்பது, பையன்கள் நசுக்கிப் போட்ட கியூப்பை அள்ளி வெளியே கொட்டுவது என் வேலை.

கியூப் என்பது கான்கிரீட் கட்டி. ஒரு சாண் இருக்காது. எட்டு கிலோ கனம். அச்சில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைத்து, மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எத்தனை டன்னுக்கு உடைகிறது என்று முள் காட்டும். உடைந்ததை ஊர்க்காரர்கள் கேட்டால் கொடுத்துவிடுவேன். மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுக்க ஆகும்.

அந்த வருடம் பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் மார்க் போட்டு வரிசைப்படுத்தப் போகிறது என்றார்கள். கட்டடம், புத்தகம், வாத்தியார்கள், பையன்களின் தேர்ச்சி, ஆராய்ச்சி. ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். அறுபது வாங்கினால் புது வகுப்பு ஒன்று தருவார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"புது கிளாஸ் வந்தா லேப்புக்கு பர்மனென்ட் ஆள் வேணும். அது நீதான். அறுபது வரலைன்னா உன்னையும் வெச்சுக்க முடியாது. புரியுதா?"

புரிந்தது. மனைவிக்கு அது ஒன்பதாவது மாதம்.

கட்டடம் இருந்தது. புத்தகம் ஓரளவு இருந்தது. ஆராய்ச்சி என்று சொல்ல கல்லூரியிலேயே ஒன்றுதான். சிவில் புரொபசருடையது. அவர் திருநெல்வேலிக்காரர். வாலாஜாபாத் ரைஸ் மில்லிலிருந்து உமிச் சாம்பல் கொண்டுவரச் சொல்லி, சிமெண்டில் கலந்து இருபத்து நான்கு கியூப் போட்டார். ஒன்றிலிருந்து ஆறு வரை சாம்பல் கிடையாது. அடுத்த ஆறில் கொஞ்சம். அடுத்த ஆறில் இன்னும் கொஞ்சம். கடைசி ஆறில் நிறைய. சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டது நான். ஒரு வருடம் தண்ணீரில் கிடக்க வேண்டும். ஒரு வருடம் நிறைகிற வியாழக்கிழமையே கமிட்டி வரட்டும் என்று முதல்வர் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார். அவர்கள் கண் முன்னால் நசுக்குவது என்று ஏற்பாடு.

லீவு விட்டார்கள். புரொபசர் ஊருக்குப் போனார். மனைவிக்கு வலி எடுத்ததால் நானும் மாமியார் வீட்டுக்குப் போனேன். போகும்போது வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, தொட்டியில் தண்ணீர் குறையாமல் நிரப்பி வை என்று மட்டும் சொன்னேன். பெண் குழந்தை. புதன்கிழமை காலையில் திரும்பி வந்தேன்.

தொட்டி நிரம்பி வழிந்தது. உள்ளே கியூப் இல்லை. கையை விட்டுத் துழாவினேன். பாசிதான் வந்தது.

"மச்சான், கியூப் எங்க?"

"எந்த கியூப்பு?"

"தொட்டில இருந்தது."

"அதுவா? ரேஷன் கடையில கீது."

அவரே சொன்னார்.

"கிருஷ்ணாயில் லாரி வரவே இல்ல மாப்ள. பொம்பளைங்க செங்கல்லு, செருப்பு, ஓட்டக் கூடைன்னு வச்சு எடம் புடிக்கிறாங்க. ராவோட ராவா ஒருத்தி கல்ல இன்னொருத்தி மாத்திடறா. தெனம் சண்ட. நான்தான் ஒரு வழி பண்ணேன். வூட்டுக்கு ஒரு கல்லு, நம்பர் போட்ட கல்லு. எவளும் மாத்த முடியாது. இப்ப ஒரு சத்தம் கீதா பாரு."

"நான் உன்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனேன்?"

"தொட்டிய ரொப்பி வைக்கச் சொன்ன. ரொப்பி வச்சேன். தெனம் ரெண்டு வாட்டி."

அதில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ரேஷன் கடை கல்லூரி கேட்டுக்கு எதிரில்தான். போய்ப் பார்த்தேன். புளியமரம் வரைக்கும் கியூப் வரிசையாக நின்றது. மச்சான் கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். முதலில் நின்றது பத்தொன்பது. அடுத்து நான்கு. அதற்கடுத்து இருபத்து மூன்று. கடைசியில் இரண்டு. இரண்டாம் நம்பர்க்காரி, நான் ரெண்டாவதுதான், கல்லிலேயே எழுதியிருக்கிறது என்று முதல் நாளே சண்டை போட்டிருக்கிறாள். நம்பர் கணக்கில்லை, நிற்கிற இடம்தான் கணக்கு என்று கடைக்காரர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பதைத் தூக்கினேன். மர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"யோவ். வையி கீழ."

"இது காலேஜ் கல்லும்மா. நாளைக்கு வேணும்."

"பதினோரு நாளா எனக்கு எடம் புடிச்சு வச்சிருக்குது. லாரி வரட்டும், எண்ணெய் ஊத்தட்டும். அப்பறம் நீயே தூக்கினு போ. கோயிலு கட்டு."

"வேற செங்கல்லு தரேன். நம்பர் எழுதித் தரேன்."

"செங்கல்லுல எவன் வேணா நம்பர் எழுதுவான்."

இதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். என் வேலை போய்விடும் என்று சொன்னேன். குழந்தை பிறந்ததையும் சொன்னேன். இன்னா குழந்தை என்று கேட்டார்கள். பெண் என்றேன். சந்தோஷம் என்றார்கள். கல்லைத் தரவில்லை.

"எல்லாம் தூங்கட்டும், எடுத்துடலாம்" என்றார் மச்சான். நான் வேண்டாம் என்றேன். அந்த ஊரில் நான் அப்புறமும் இருக்க வேண்டும்.

சாயங்காலம் புரொபசர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்டிலேயே விஷயத்தைச் சொன்னேன். எதிரே வரிசையைப் பார்த்தார். பெட்டியைத் திரும்ப வாங்கி அதன்மேல் உட்கார்ந்தார்.

"தண்ணிய விட்டு எடுத்து எத்தன நாளாச்சுய்யா?"

"பதினோரு நாள் சார்."

"வெயில்லயா கெடக்கு?"

"மத்தியானத்துக்கு மேல நெழல் சார்."

முதல்வருக்குத் தெரிந்ததும் ஒரு யோசனை சொன்னார். லீவுக்கு முன்னால் பையன்கள் போட்ட கியூப் கிடக்கிறது, அதில் நம்பர் எழுதித் தொட்டியில் போடு, யாருக்குத் தெரியும் என்றார். பெயின்ட் டப்பாவைக்கூட நான் திறந்துவிட்டேன். புரொபசர் டப்பாவை மூடினார்.

"ரெண்டு வாரத்துக் கல்ல ஒரு வருசத்துக் கல்லுன்னு சொல்லச் சொல்லுதீயளா சார்? நான் சொல்ல மாட்டேன்."

முதல்வர் அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் திட்டினார். மூடியை இன்னும் இறுக்கி டப்பாவை அலமாரியில் வைத்தேன். அறுபது போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கமிட்டி வந்தது. கட்டடம் பார்த்தார்கள். புத்தகம் எண்ணினார்கள். பதினோரு மணிக்கு லேப்புக்கு வந்தார்கள். தலைவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர். முகம் தெரிந்தது.

"ஆராய்ச்சி எங்க?" என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். புரொபசர்தான் பேசினார்.

"வெளிய கியூவுல நிக்கி சார்."

அப்படித்தான் எல்லோரும் ரேஷன் கடை வாசலுக்கு வந்தோம். புரொபசர் நடந்ததை நடந்தபடி சொன்னார். தலைவர் நம்பாமல் குனிந்து பத்தொன்பதைக் கையில் எடுத்தார்.

"ஐயா, வச்ச எடத்துலயே வைங்க. எடம் வேணும்னா பின்னாடி போயி நில்லுங்க" என்றாள் முதல் கல்லுக்காரி.

தலைவர் வைத்துவிட்டார். கொஞ்சம் தள்ளி வைத்தார் போல. அவள் காலால் நகர்த்திச் சரி செய்தாள்.

எழுதிக்கொள்பவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார்.

"ஏம்மா, இதுல எந்தக் கல்லு நல்ல கல்லு?"

"ஏழுலேந்து பன்னெண்டு வரிக்கும் நல்லா கீது சார். வைக்கோல் வண்டி ஏறிச்சி, ஒண்ணும் ஆவல" என்றாள் ஒருத்தி.

"என்னுது நாலாம் நம்பரு. அதுவும் பரவால்ல."

"பதினாலுல மாடு முட்டி முனை போச்சி."

"பத்தொன்பது, இருபத்தி மூணு எல்லாம் உக்காந்தாவே பொடியுது. பொடவையெல்லாம் சாம்பல்."

"என் கல்லப் பத்தி நீ இன்னாத்துக்குப் பேசற? உன் கல்லு எங்க கீது, என் கல்லு எங்க கீது?" என்றாள் முதல் கல்லுக்காரி.

எழுதிக்கொள்பவர் விளையாட்டை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். வண்டியில் எத்தனை கட்டு வைக்கோல் என்று கேட்டார். புரொபசரும் பேனாவை எடுத்தார்.

அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் லாரி வந்தது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. இத்தனை நாள் வராதது வந்தது, அவ்வளவுதான். ஊரே ஓடி வந்தது. தலைவரை டப்பாக்கள் இடித்தன. ஒருத்தி எண்ணெய் வாங்கி நகர்ந்ததும் அவள் கல்லை நான் தூக்கிக்கொண்டு லேப்புக்கு ஓடுவேன். தோளுக்கு ஒன்றாக. மச்சானும் தூக்கினார். கடைசியாக வாங்கியவள் இரண்டாம் நம்பர்க்காரி. அவளே இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்தாம் நம்பர்க்காரி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வந்துதான் எடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் அதைத் தொட விடவில்லை. லாரி போன பிறகும் அந்தக் கல் தனியாக வரிசையில் நின்றது.

மீதி இருபத்து மூன்று கியூப்பையும் மெஷினில் வைத்து நசுக்கினோம். புரொபசர் முள்ளைப் படித்தார். எழுதிக்கொள்பவர் எழுதினார். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை முதலிடம். சாம்பல் அதிகமானவை கடைசி. அவர் பழைய பக்கத்தைத் திருப்பி, பெண்கள் சொன்னதையும் முள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

தலைவர் சொன்னார். "தண்ணீரிலேயே இருந்திருந்தா முழு மார்க் போட்டிருப்பேன். இதுக்கு எப்படிப் போடறதுன்னு எங்க ஃபாரத்துல இல்லையே."

"பன்னெண்டு நாள் ரோட்டுல கெடந்துச்சுன்னு எழுதிட்டேன் சார். கொறைச்சுக்கிடுங்க" என்றார் புரொபசர்.

போகும்போது காரிலிருந்த மூன்றாமவர், ஆராய்ச்சி பார்த்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷில் இருந்தது, அவரே படித்தார். கட்டடம் பதினான்கு. புத்தகம் பதினொன்று. வாத்தியார்கள் பன்னிரண்டு. தேர்ச்சி பதினைந்து. அங்கே நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். நான் விரல் விட்டுக் கூட்டினேன். ஐம்பத்திரண்டு. கதவுக்கு வெளியே மச்சான் நின்றார். மூச்சுச் சத்தம் கேட்டது.

ஆராய்ச்சி ஒன்பது என்றார்.

மறுபடி கூட்டினேன்.

அறுபத்தொன்று.