ரயில்வே கேட்டில் வலதுபக்கம் நின்றோம்

"ரயில் வேகமாப் போனா நாமளும் சீக்கிரம் போயிருவோமா சார்?" என்று முன்பொரு மாணவி கேட்டாள். தூரத்தை வேகத்தால் வகுக்கச் சொல்லி உட்கார வைத்தேன்.

இன்று ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். தண்டவாளத்தைப் பலப்படுத்திய பிறகு மதுரை ரயில் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. கேட்டை மூடிவிட்டார்கள்.

பக்கத்தில் தளவாய்புரத்து மும்தாஜ். மதுரை ஆஸ்பத்திரியில் மகளுக்கு இன்று ஆபரேஷன். இந்த ரயிலைப் பிடித்து, அதற்குமுன் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"வலதுபக்கம் காலியாக் கிடக்கு, முன்னாடி விடுங்க தம்பி" என்று டிரைவரிடம் சொன்னவன் நான்தான். எங்களைப் பார்த்துப் பின்னால் பைக்குகளும் வந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதை.

ரயில் கடந்தது, கேட் திறந்தது. முழுச் சாலையையும் இருபக்கமும் அடைத்து நின்றதால் ஒருவராலும் நகர முடியவில்லை.

"ஏலே, பின்னால எடு."

"எங்கிட்டு எடுக்க? பறக்கவா?"

மும்தாஜ் இறங்கி நடக்கப் பார்த்தார். வண்டிகளுக்கு நடுவே பை நுழையவில்லை. ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

"பஸ்ல போறேன் சார். அதுக்குள்ள அவளை உள்ள கொண்டு போயிருவாக" என்றார்.

நாளைக்குக் கேட் மூடியிருந்தால், வலதுபக்கம் எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும், இடதுபக்கமே வண்டியை நிறுத்திப் பாருங்கள்.