உம்மாவின் சாவிக்கொத்தில் ஒரு வாசர்

உம்மாவின் சாவிக்கொத்தில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது: நடுவில் துளையுள்ள மெல்லிய இரும்பு வளையம், ஒரு வாசர். அது வாப்பாவின் காருடைய கியர்பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

எழுபதுகளில் இலங்கை மலையகத்தின் பதுளையில் எங்களுக்குத் துணிக்கடை. சம்பள நாளில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாப்பாவும் உம்மாவும் துணி விரிப்பார்கள்; சிறுமியான நானும் கூடப் போவேன். தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்தின் வாசலில் இடம் பிடித்தவருக்கே வியாபாரம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாப்பா வாங்கிய பழைய கார் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமெட்டிக் வண்டி. ஆனால் ஏற்றத்தில் மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசிக்கும். இஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது. அதற்குள் பஸ் முந்திவிடும். அதில் வரும் போட்டிக் கடைக்காரர் ஜன்னல் வழியே எங்களுக்குக் கைகாட்டிவிட்டுப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வார். சம்பளத்துக்குச் சம்பளம் இதே கதை. கடை படுத்துவிடும் போலிருந்தது. "அடுத்த சம்பளத்துக்கு பஸ் நம்மட தூசியத்தான் பாக்கணும்" என்றார் வாப்பா.

காருக்கு அடியில் படுத்து, கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, எண்ணெயில் குளித்து, வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாசர் செருகினார். ஸ்பிரிங் இறுகினால் எண்ணெய் அழுத்தம் கூடும், கியர் சட்டென்று பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஒன்று போதவில்லை. இரண்டாவது போட்டதும் நன்றாகவே ஓடியது. மனம் கேட்காமல் மூன்றாவதையும் போட்டார். கியர் மாறும்போதெல்லாம் முதுகில் யாரோ உதைத்தது போலிருந்தது. உம்மாவின் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. "பந்தயத்துக்கு நீங்களே போங்க. நான் பஸ்ல வாறேன்" என்று இறங்கிவிட்டாள்.

சொன்னபடியே செய்தாள். சம்பளத்தன்று ஏற்றத்தில் பஸ்ஸை முந்தினோம். நான் சந்தோஷத்தில் கத்தினேன். பஸ் ஜன்னலில் உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் இடம் எங்களுக்குத்தான். ஆனால் வந்த பெண்கள், "அக்கா வரலீங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். ரவிக்கைத் துணியை வாப்பாவிடம் யார் பேசி வாங்குவார்கள்? பஸ் வந்து, உம்மா இறங்கி உட்கார்ந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. மாலையில் வீட்டுக்கும் பஸ்ஸில் புறப்பட்டவள், வாப்பாவிடம் கையை நீட்டினாள்: "அந்த வாசர்ல ஒன்னக் கழட்டித் தாங்க. இல்லாட்டி எப்பவும் பஸ்தான்." மறுநாள் எண்ணெய்க் கையோடு வாப்பா அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மீதி இரண்டோடும் பஸ் எங்களுக்குப் பின்னால்தான் வந்தது.

வாப்பா இப்போது இல்லை. போன மாதம் உம்மாவை என் புதுக் காரில் அதே ஏற்றத்தில் அழைத்துப்போனேன். அதுவும் ஆட்டோமெட்டிக்தான்.

"கியர் மாறுதா, மக?"

"மாறிக்கிட்டேதான் இருக்கு உம்மா."

"ஒன்னுமே தெரியலயே."

சாவிக்கொத்திலிருந்து வாசரைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இந்தா, இத கியர்பெட்டி உள்ளுக்குப் போடு."